ஊடுருவா மையத்தின் நல்லெண்ணத் தூதர்

வரதராஜாவின் சிறுநீர் முதன்முதலாகச் சிவப்பாகப் போன நாளில் அவர் ஓட்டிய பஸ் நேரத்துக்கே சிட்னியின் பிளாக்டவுனுக்கு வந்து சேர்ந்திருந்தது. வலி இல்லை, எரிவு இல்லை, காய்ச்சல் இல்லை. டிப்போவின் கழிப்பறையில் நின்று கீழே பார்த்தவருக்கு, இது தன்னுடையதல்ல, தனக்கு முன்னால் வந்தவர் விட்டுப்போனது என்றே முதலில் தோன்றியது. சாயங்காலம் வீட்டிலும் அப்படியே போனது. வீட்டில் அவருக்கு முன்னால் போனவர் மனைவி பவளம். அவர்மீது பழி போட வரதராஜாவுக்குத் துணிவு வரவில்லை. ஆகவே உண்மையைச் சொன்னார்.

பவளம் அன்றைக்கே குடும்ப டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டொக்டர் லக்சிகா சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத பெண். இவ்வளவு காலம் சிகரெட் பிடித்த ஒரு மனிதர், அறுபது தாண்டியபின் சிறுநீரில் இரத்தத்தைக் கண்டால், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்றாள். சிறுநீரைச் சோதிப்பது நல்லதுதான், அந்தச் சோதனையில் பிழையில்லை. ஆனால் கண்ணால் இரத்தத்தைக் கண்டவருக்கு அது மட்டும் போதாது. மெல்லிய குழாயொன்றில் கமெராவை வைத்து உள்ளேயும் பார்க்கவேண்டும். பெரிய வேலை ஒன்றுமில்லை.

"இப்ப கண்டால் சுரண்டி எடுத்துவிடலாம் அங்கிள். பிந்தினால் பையையே எடுக்கவேண்டி வரும்," என்றாள் லக்சிகா.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. அந்த வட்டாரத்தில் இனி எவருக்கும் நேரடியாகக் கமெரா கிடைக்காது. முதலில், புதிதாகத் திறந்திருந்த ஊடுருவாப் பரிசோதனைகளுக்கான மேன்மை மையத்துக்குப் போகவேண்டும். மையம் சரி என்றால்தான் குழாய்.

மையத்தின் கொள்கை வாசலிலேயே பல மொழிகளில் எழுதப்பட்டிருந்தது: நாம் உள்ளே போவதில்லை. தமிழிலும் எழுதியிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு, தாங்கள் உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வரதராஜாவும் பவளமும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

உள்ளே எல்லாம் மெத்து மெத்தென்று இருந்தது. கூரான பொருள் எதுவும் மையத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. பூச்சாடியில் இருந்த ரோஜாக்களின் முட்களைக்கூட ஆள் வைத்து அகற்றியிருந்தார்கள். கேள்வி கேட்பதும் ஒருவகை ஊடுருவல்தான் என்பதால் வரவேற்பில் இருந்த பெண் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வரதராஜா தானாக ஏதாவது சொல்வார் என்று புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன்னிடம் கேட்பார்கள் என்று புன்னகையோடு காத்திருந்தார். இப்படியே வெகுநேரம் போன பிறகு பவளம், "இவருக்கு ரத்தம் போகுது பிள்ளை," என்றார். அந்தப் பெண் முகம் வெளிறி, இங்கே அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை, சிவப்பு அனுபவம் என்று சொல்வோம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டாள்.

சிறுநீரையும் அங்கே சிறுநீர் என்பதில்லை. அது பங்களிப்பு. வரதராஜா சின்னப் போத்தலோடு கழிப்பறைக்குள் போனார். அவருக்கு வெட்கத்தில் உடனே வரவில்லை. வேறெங்காவது என்றால் கதவைத் தட்டி, முடிந்ததா என்று கேட்டிருப்பார்கள். மையத்தில் கதவு தட்டுவது கடுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. ஒரு தாதி வெளியே நின்று, மரியாதையாக இருமினாள். சிறிது நேரம் கழித்து இன்னொரு தடவை இருமினாள். கடைசியில் அவர் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தபோது இரண்டு கைகளாலும் வாங்கி, தாராள மனதுக்கு நன்றி என்றாள். போத்தலுக்குள் இருந்தது நல்ல தேயிலைச் சாயத்தைவிடச் சிவப்பாக இருந்தது.

அதைப் பற்றிப் பேசப் பண்பாட்டு இணைப்பாளர் வந்தார். இளங்கீரன் என்று பெயர். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலையில் நன்றாக இருக்கும் மனிதர். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

"இது பீட்ரூட் அங்கிள். சாப்பிட்டா சிவப்பாத்தான் போகும்."

"தம்பி, நான் பீற்றூட் தொடுறேல்ல. அந்த மணமே எனக்கு ஒத்துவராது. எங்கட குசினிக்குள்ள அது வாறதுமில்லை."

"நீங்க தனிப்பட்ட முறையில சாப்பிடாம இருக்கலாம். உங்க சமூகம் சாப்பிடுது. நாங்க சமூகத்தைத்தான் மதிக்கிறோம்."

இந்தப் பீற்றூட் மையத்துக்குள் வந்த கதையை இங்கே சொல்லியாகவேண்டும். மையம் திறக்குமுன் எல்லாச் சமூகத் தலைவர்களையும் அழைத்து ஒரு கலந்தாலோசனை வைத்தார்கள். மதியச் சாப்பாடு இலவசம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் சிவபாலன் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். உங்கள் மக்கள் சாப்பிடும் சிவப்பு உணவுகள் எவை என்று கேட்கப்பட்டது. லெபனான்காரர் ஒருவர் எழுந்து மாதுளம்பழத்தைப் பற்றி அழகாகப் பேசிக் கைதட்டல் வாங்கினார். சிவபாலனால் அதைப் பொறுக்க முடியவில்லை. மேடை என்று ஒன்று இருந்து, அதில் இன்னொருவர் கைதட்டல் வாங்குவதை அவர் வாழ்நாளில் பொறுத்ததில்லை. எழுந்து நின்று, பீற்றூட் இல்லாத தமிழ்ச் சமையலே கிடையாது, எங்கள் பிள்ளைகள் பால் மறந்ததும் பீற்றூட்டில்தான் வளர்கிறார்கள், அது எங்கள் இரத்தத்திலேயே ஊறியது என்று முழங்கினார். குழு அதை எழுதிக்கொண்டது. அன்றிலிருந்து தமிழர்களின் சிவப்புச் சிறுநீரைச் சந்தேகத்தோடு பார்ப்பது இனவாதமாகக் கருதப்படும் என்று மையத்தில் விதி வந்தது. சிவபாலனுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

வரதராஜாவைப் பீற்றூட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். சாப்பிடாத ஒன்றை எப்படி நிறுத்துவது என்று பவளம் கேட்டார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆசை வரும்போது ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள் என்று ஆறுதல் சொன்னார்கள்.

அடுத்த மாதம் இரத்தம் தானாகவே நின்றிருந்தது. இந்த நோய் இப்படித்தான் தலைகாட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும், நின்றதை நம்பக்கூடாது என்று லக்சிகா சொன்னாள். மையம் அதைப் பீற்றூட்டை நிறுத்தியதன் வெற்றி என்று பதிந்துகொண்டது. மஞ்சளாக, அழகாக ஒரு பங்களிப்பைக் கொடுத்தார் வரதராஜா. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. கோப்பு மூடப்பட்டது. ஒன்றும் தெரியாதவருக்குக் கமெரா இல்லை என்பது விதி.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மையத்துக்கு அப்போது ஒரு நல்லெண்ணத் தூதர் தேவைப்பட்டார். உழைக்கும் மனிதர், வெள்ளைக்காரர் அல்லாதவர், சிரித்தால் பல் நன்றாகத் தெரியவேண்டும். வரதராஜாவுக்கு மூன்றும் இருந்தன. மறுக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே சிவபாலன் சங்கத்தின் சார்பில் சம்மதம் சொல்லிவிட்டார். வேலை செய்யும் இடத்தில் மரியாதை கூடும் என்ற சின்ன ஆசை வரதராஜாவுக்கும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

விழா மையத்தின் மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு வைத்தார்கள், திரி கூராக இருப்பதால் கொளுத்தவில்லை. சிவபாலன் பொன்னாடை போர்த்தினார், படம் சரியாக விழவில்லை என்று மறுபடி கழற்றிப் போர்த்தினார். பிறகு இயக்குநர் பேராசிரியர் மெரடித் பேசினார். இளங்கீரன் வரிக்கு வரி தமிழாக்கினார்.

"திறந்த நாளிலிருந்து இந்தக் கட்டிடத்தில் ஒரு மனித உடலுக்குள்ளும் ஒரு குழாயும் போகவில்லை," என்றார் மெரடித். கைதட்டினார்கள். "எங்களிடம் வந்தவர்களில் எல்லோரும் திருப்தி அடைந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் கருத்துக்கணிப்புக்குப் பதில் அனுப்பவில்லை. அவர் இறந்துவிட்டதாக அறிகிறோம். ஆயினும் அவர் முறைப்பாடு எதுவும் செய்யாததால் அவரையும் திருப்தியடைந்தவராகவே சேர்த்துக்கொண்டோம்."

பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, இதுவரை எத்தனை பேருக்குப் புற்றுநோயைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். சிவபாலன் திரும்பி அவரை முறைத்தார். மெரடித் கோபப்படவில்லை. நல்ல கேள்வி, ஆனால் பழைய காலத்துக் கேள்வி என்றார்.

"கண்டுபிடிப்பது என்பது ஒரு மனிதருடைய வாழ்க்கைக்குள் அனுமதியின்றிப் புகும் செயல். கண்டுபிடிக்கப்பட்டவர்கள் கலங்கிப்போகிறார்கள். கலங்கியவர்கள் எங்களுக்குக் குறைந்த புள்ளி தருகிறார்கள். நாங்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறோம், அவருடைய சிறுநீர்ப்பையை அல்ல."

மறுபடியும் கைதட்டினார்கள். வரதராஜாவும் பொன்னாடைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துத் தட்டினார்.

சில வாரங்களில் அவருடைய படம் மேற்கு சிட்னி பஸ்களின் முதுகில் ஏறியது. பொன்னாடையோடு சிரிக்கும் வரதராஜா, கையில் போத்தல், கீழே ஆளுயர எழுத்தில்: நான் தெளிவு. நீங்கள்? அவர் ஓட்டிய பஸ்ஸின் பின்னாலும் அதையே ஒட்டினார்கள். பின்னால் வந்த கார்க்காரர்கள் சிக்னல் விளக்குச் சந்திகளில் அவரை முந்திக்கொண்டு வந்து, பஸ்ஸின் முன்பக்கத்திலும் அதே ஆள் இருப்பதைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் இரத்தம் திரும்பி வந்தது. இம்முறை கட்டி கட்டியாக. பாதி வழியில் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஒரு பெற்றோல் நிலையத்தின் கழிப்பறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது தன்னுடைய சிரித்த முகத்தைக் கடந்துதான் ஏறவேண்டியிருந்தது.

மையத்துக்குப் போனார். போத்தலைப் பார்த்ததும் தாதி பின்வாங்கினாள். சிவப்பு அனுபவம் அளவுக்குமேல் கலந்த பங்களிப்பை அங்குள்ள இயந்திரம் ஏற்காது, அதன் கணக்கைக் குழப்பிவிடும் என்று விளக்கினார்கள். இளங்கீரன் அதை ஆதரவாக எடுத்துச் சொன்னார்.

"சிவப்பு அனுபவம் நின்னதும் வாங்க அங்கிள்."

"ரத்தம் வருதெண்டுதானே தம்பி வந்தனான்."

"அதனாலதான் சொல்றேன். அது நிக்கட்டும்."

நின்றதும் போனார். இப்போது சிவப்பு அனுபவம் எதுவும் இல்லாததால், எதற்காக வந்திருக்கிறார் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. இரத்தம் மறுபடி வந்தபோது மறுபடி போனார். மறுபடி நிற்கட்டும் என்றார்கள். லக்சிகா நேரடியாக ஆஸ்பத்திரிக்குக் கமெரா கேட்டு எழுதினாள்; ஏற்கெனவே மையத்தில் தெளிவானவர் என்று கணினி அதைத் திருப்பி அனுப்பியது. போன் எடுத்துச் சத்தம் போட்டாள். அவளுடைய தொனி ஊடுருவலாக இருந்ததாக அவளுக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. தனியாகக் காசு கட்டிப் பார்க்கலாம் என்று பார்த்தால், அங்கே வரிசை மாதக்கணக்கில் நீண்டிருந்தது.

வரதராஜா மெலிந்தார். பொன்னாடையோடு இருந்த படத்தில் மட்டும் கன்னம் கொழுகொழுவென்று இருந்தது. பஸ்ஸில் ஏறும் எங்கள் ஆட்கள் அந்தக் கன்னத்தைத்தான் நம்பினார்கள். உடம்பைக் குறைத்துவிட்டீர்கள், என்ன சாப்பாடு என்று கேட்டார்கள்.

அவருடைய மகள் நிரூபா வேலைக்கு லீவு போட்டுவிட்டு மெரடித்தின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். மையத்தின் வரலாற்றில் நடந்த முதல் ஊடுருவல் அதுவே. அப்பாவுக்கு ப்ளட் க்ளொட் போகிறது, ஒரு கமெராவைப் போட்டுப் பார்க்க இன்னும் என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மெரடித் அவளுக்குக் கெமொமைல் தேநீர் கொடுத்து, கமெரா கேட்பவர்கள் எல்லோரும் பயந்தவர்கள், பயந்தவர்களுக்கு நாங்கள் மூச்சுப்பயிற்சிதான் சிபாரிசு செய்கிறோம் என்றார். மேலும் நல்லெண்ணத் தூதரை மறுபடி சோதிப்பது, படத்தைப் பார்த்துத் தெளிவடைந்த ஆயிரக்கணக்கான மக்களைப் புண்படுத்தும் என்றார். நிரூபா தேநீரை மெத்துக் கம்பளத்தில் ஊற்றிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டியான இரத்தம் வழியை அடைத்துவிட்டது. ஒரு சொட்டும் போகவில்லை. வயிறு கல்லாகி, வரதராஜா சுவரைப் பிடித்துக்கொண்டு அலறினார். பவளம் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். எமர்ஜென்சியில் ஒரு இளம் டொக்டர் எவரிடமும் அனுமதி கேட்காமல் குழாயை உள்ளே விட்டாள். வலித்தது. பிறகு வலி நின்றது. அந்த நிம்மதியில் வரதராஜா முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மறுநாளே கமெரா போட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய் பையின் தசைக்குள் இறங்கியிருந்தது. முதல் சிவப்பின்போதே பார்த்திருந்தால் சுரண்டி எடுத்திருக்கலாம் என்று அங்கிருந்தவர்களும் சொன்னார்கள்.

பையை எடுத்தார்கள். வயிற்றில் ஒரு துளை வைத்து, அதன்மேல் சிறுநீர் சேர ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டினார்கள். எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று நிரூபா கேட்டபோது, காலம்தான் சொல்லும் என்றார்கள்.

மையத்திலிருந்து முட்கள் அகற்றப்பட்ட ரோஜாக்கள் வந்தன. தூதருக்குள் குழாய் விடப்பட்ட செய்தி தங்களை ஆழமாகப் பாதித்திருப்பதாக மெரடித் எழுதியிருந்தார். நிரூபா போன் எடுத்து, அப்பாவின் படத்தை பஸ்களிலிருந்து உடனே கழற்றச் சொன்னாள். மெரடித் அவசரம் எதையும் காணவில்லை.

"உங்கள் தந்தைக்கு இப்போது சிறுநீர்ப்பையே இல்லை. ஆகவே அதில் புற்றுநோயும் இல்லை. அந்த வாசகம் அன்றைவிட இன்று உண்மையாக இருக்கிறது."

இரண்டு நாள் கழித்து இளங்கீரன் டாப்லெட்டில் ஒரு கருத்துக்கணிப்போடு கட்டிலருகே வந்தார். மையத்தில் இருந்தபோது உங்களுக்கு எப்போதாவது வலி ஏற்பட்டதா என்பது முதல் கேள்வி. வரதராஜா நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்தார். அங்கே எவரும் அவரை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

"இல்லை."

மையத்தில் எப்போதாவது குழாய் விடப்பட்டதா?

"இல்லை தம்பி."

இளங்கீரன் அப்போது நிமிர்ந்து, அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். பிறகு முழுப் புள்ளி என்று அழுத்திவிட்டு, போயிட்டு வர்றேன் அங்கிள் என்று போய்விட்டார்.

சிவபாலன் மனைவி தர்சினியோடு திராட்சைப்பழம் கொண்டு வந்தார். சங்கத்தின் அனுதாபத் தீர்மானத்தை வாசித்துக் காட்டினார். பிறகு, பவளத்தைக் கன்ரீனுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி குடிக்கும்படி தர்சினியிடம் சொன்னார். பெண்கள் போனதும் கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டார். மேடையில் கேட்கும் குரல் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

"வரதன், எனக்கும் போன கிழமை சிவப்பாப் போனது."

வரதராஜா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பீற்றூட்டாத்தான் இருக்கவேணும் என்ன?"

"சாப்பிட்டனியளோ அண்ணை?"

சிவபாலன் திராட்சைக் குலையிலிருந்து ஒன்றைப் பிய்த்தார். அதைச் சாப்பிடாமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை. எனக்கு அது செமிக்காது. சின்னனிலயிருந்தே சாப்பிடுறேல்ல."

வாழ்நாளில் பீற்றூட்டை வாயில் வைக்காத இந்த மனிதர், ஒரு கைதட்டலுக்காக அதைத் தன் தலையில் கட்டிவிட்டாரே என்று வரதராஜாவுக்குத் தன் மெலிந்த கையால் ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போல இருந்தது. கையில் ஊசி ஏறியிருந்தது. அதோடு சிவபாலன் அந்தத் திராட்சையை இன்னும் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, கீழதான் எமர்ஜென்சி. இப்பவே இறங்கிப் போங்கோ. மூத்திரம் போகுதில்லையெண்டு பொய் சொல்லுங்கோ. மையத்துக்கு மட்டும் போயிடாதேங்கோ."

சிவபாலன் நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்தார். அடுத்த தூதராக மையம் தன்னைத்தான் தெரிவு செய்திருக்கிறது, நாளைக்குப் படம் எடுக்கிறார்கள், பொன்னாடையும் இந்தியாவிலிருந்து வந்துவிட்டது என்றார். படம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். பிறகு ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வேனில் காலத்தில் வரதராஜா நடக்கத் தொடங்கினார். பஸ் ஓட்ட இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காலை, சட்டைக்குள் பையோடு, கிளினிக்குக்குப் போகத் தன் பழைய தடத்தில் பயணியாகக் காத்து நின்றார். எதிர்ப்பக்கமாக ஒரு பஸ் போனது. அதன் முதுகில் சிவபாலன் பட்டுப் பொன்னாடையோடு சிரித்தார். நான் தெளிவு. நீங்கள்?

வரதராஜா போனை எடுத்துச் சிவபாலனுக்கு அடித்தார். வெகுநேரம் மணி அடித்து, தர்சினிதான் எடுத்தார்.

"அவர் ரொய்லெட்டுக்குள்ள போய்க் கனநேரம் தம்பி. மூத்திரம் போகுதில்லையாம். உள்ளுக்கு முனகுறது கேக்குது."

"அக்கா, கதவைத் தட்டுங்கோ. உடைச்செண்டாலும் திறவுங்கோ. அம்புலன்ஸுக்கு அடியுங்கோ."

"தட்டக்கூடாது தம்பி. தூதர்ர குடும்பமெண்டு மையத்தில எங்களுக்கும் வகுப்பு எடுத்தவை."

வரதராஜா தெருவென்றும் பாராமல் கத்தினார், தட்டுங்கோ அக்கா, தட்டுங்கோ என்று. அவருடைய பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது.

"நான் சும்மா நிக்கேல்ல தம்பி. அவர் உள்ளுக்குப் போனதிலயிருந்து இருமிக்கொண்டுதான் நிக்கிறன்," என்றார் தர்சினி. போனில் அவர் மறுபடியும் மரியாதையாக இருமுவது கேட்டது.